சிறு படகில் ஒரு நெடிய இல்லறம்

(விழா அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கடல் கடந்து செல்வது பொருள் தேடுவதற்கே என்பது வழிவழியாக வந்த எண்ணம். அந்நாளில் வணிகர் கலம் ஏறியதும் அதற்காகவே; இந்நாளில் பிள்ளைகள் விமானம் ஏறுவதும் அதற்காகவே. ஆனால், பொருள் தேடியது போதும் என்று நிறுத்திய பின்னர்க் கடலில் இறங்கியோரும் உலகில் உளர். கணவனும் மனைவியுமாகத் தாம் பார்த்த வேலையை விட்டு, வீடு வாசல் என்னும் பற்றைக் குறைத்து, ஒரு சிறு பாய்மரப் படகையே இல்லமாகக் கொண்டு பல்லாண்டுகள் வாழ்ந்த அத்தகையோருள், லின் பார்டி, லாரி பார்டி என்னும் இருவரின் வாழ்க்கை எண்ணிப் பார்க்கத் தக்கது. பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் என்பது இந்த அவைக்குப் புதிய செய்தி அன்று. எனினும், நீரின்மீது, காற்றை மட்டும் நம்பி, நாள்தோறும் அந்த வரையறைக்குள் வாழ்வது எத்தகையது என்பதை இவ்விருவரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நன்று. இவர்கள் துறவியர் அல்லர். கடல்மேல் இல்லறம் நடத்தியவர்கள். உழைத்தார்கள், ஈட்டினார்கள், செலவிட்டார்கள், நோயுற்றார்கள், முதுமையும் அடைந்தார்கள். அவர்கள் விட்டது வேலையிடத்தை, உழைப்பை அன்று. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் அவர்களது கதை வெறும் கனவாகத் தோன்றும்.

புறப்பாடு

லாரி 1939இல் கனடாவின் மேற்குக் கரையில் பிறந்தவர். படகு கட்டுதலும் படகு செலுத்துதலும் அவர் கைவந்த கலைகள். லின் 1944இல் அமெரிக்காவில் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்து, கணக்குத் துறையில் பணியாற்றியவர். 1965இல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் துறைமுகப் பகுதியில் இருவரும் சந்தித்தனர். அப்போது லாரி தமக்கென ஒரு மரப்படகைக் கட்டும் வேலையில் இறங்கியிருந்தார். லைல் ஹெஸ் என்பவர் வடிவமைத்த அப்படகின் நீளம் 24 அடி 4 அங்குலம். நம் ஊர்களில் ஓடும் ஒரு சிறிய பேருந்தின் நீளமே ஆகும். அதற்குள்தான் படுக்கை, அடுப்பு, உணவுப் பொருள், குடிநீர், கருவிகள், நூல்கள், உடைகள் அனைத்தும் அடங்க வேண்டும்.

அப்படகை இருவரும் சேர்ந்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டினர். செராஃபின் என்று பெயரிட்டு 1968இல் நீரில் இறக்கினர். 1969இல் புறப்பட்டனர். எத்தனை ஆண்டு, எந்த நாடு வரை என்னும் உறுதியான திட்டம் ஏதும் இல்லை. மகிழ்ச்சி தரும் வரையில் செல்வது, தராத நாளில் நிறுத்துவது என்பதே அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்தப் பயணம் 11 ஆண்டுகள் நீண்டது. மெக்சிகோ, பனாமா, கரீபியக் கடல், அட்லாண்டிக், இங்கிலாந்து, பால்டிக் கடல், மத்தியதரைக் கடல், செங்கடல், இந்தியப் பெருங்கடல், தென்கிழக்கு ஆசியா, ஜப்பான் என்று கிழக்கு நோக்கி உலகைச் சுற்றினர். ஜப்பானிலிருந்து வடபசிபிக்கைக் கடந்து கனடாவை அடைய மட்டும் 49 நாள்கள் ஆயின. அந்த 49 நாளும் கண்ணுக்கெட்டிய தொலைவில் கரை இல்லை, கடையில்லை, மருத்துவர் இல்லை.

பெரும்பாலோர் இத்தகைய பயணத்திற்குப் பெரிய படகு வேண்டும் என்று எண்ணுவர். பெரிய படகு வாங்கும் வரை பணம் சேர்ப்பர். பணம் சேர்வதற்குள் படகின் விலை ஏறும், தேவைகளும் ஏறும். ஆண்டுகள் கழியும். புறப்பாடு நிகழாது. சிறிய படகு, எளிய அமைப்பு, தள்ளிப்போடாத தொடக்கம் என்னும் மூன்றையே பார்டி தம்பதியர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினர். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பாட்டிமார் சொல்வதன் பொருளும் இதுவே.

எந்திரம் இல்லாத படகு

செராஃபினில் எந்திரம் இல்லை. பின்னாளில் அவர்கள் கட்டிய இரண்டாம் படகிலும் இல்லை. இது பலருக்கும் வியப்பளித்தது. சிலருக்குப் பிடிவாதமாகவும் பட்டது. ஆனால், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. எந்திரம் வாங்கப் பணம் வேண்டும். எரிபொருளுக்குப் பணம் வேண்டும். பழுதானால் உதிரி உறுப்பு வரும்வரை ஏதோ ஒரு துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தப் பணத்தை ஈட்ட மீண்டும் சில மாதம் வேலை செய்ய வேண்டும். எந்திரம் அடைக்கும் இடமோ, 24 அடிப் படகில் பொருள் வைக்கக் கிடைக்கும் அரிய இடம். எனவே, எந்திரத்தை விலக்கிய அளவுக்கு அவர்களுக்கு இடமும் காலமும் மிஞ்சின.

ஆனால், விலக்கியதற்கு ஈடாக ஒன்றைக் கற்க வேண்டியிருந்தது. காற்று ஓய்ந்த துறைமுகத்தில் படகின் பின்புறம் ஒரு நீண்ட துடுப்பை இட்டு, அதை மீனின் வாலைப் போல் இருபுறமும் அசைத்துப் படகை நகர்த்தினர். நீரோட்டம் எதிராக இருந்தால் அது திரும்பும் வரை நங்கூரமிட்டுக் காத்திருந்தனர். காற்றின் திசை மாறுமுன்பே வானத்தைப் பார்த்து உணரப் பழகினர். வசதி ஒன்றைக் கைவிடுவது எளிது. அது செய்து வந்த வேலையைத் தன் கையால் செய்யும் திறனைப் பெறுவதுதான் அரிது. திறனைப் பெறாமல் வசதியைக் கைவிடுவது எளிமை ஆகாது; அது ஆபத்து.

வழி அறிவதிலும் இவ்வாறே. செயற்கைக்கோள் வழிகாட்டி பரவாத காலத்தில், செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் கதிரவனின் உயரத்தை அளந்தே இடம் அறிய வேண்டும். நண்பகலில் கதிரவன் தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை நிற்கிறது என்பதிலிருந்து அட்சரேகை கிடைக்கும். தீர்க்கரேகையை அறியத் துல்லியமான கடிகாரம் வேண்டும். கடிகாரத்தில் 4 விநாடி பிழை நேர்ந்தால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் இடக் கணக்கில் ஒரு கடல் மைல் பிழை நேரும். ஒரு நிமிடம் தவறினால் 15 கடல் மைல் தவறும். இரவில் ஒரு தீவின் பாறைக்கரையை நெருங்கும்போது 15 மைல் என்பது உயிருக்கும் இறப்புக்கும் உள்ள தொலைவு. ஆகவே, கவனம் என்பது அப்படகில் ஒரு நற்குணம் மட்டும் அன்று. உயிர் காக்கும் கருவி.

இருவர், ஒரு காவல்

சிறு படகு சராசரியாக ஒரு நாளில் ஏறத்தாழ 100 கடல் மைல் செல்லும். கானரித் தீவுகளிலிருந்து கரீபியத் தீவுகள் ஏறத்தாழ 2,700 கடல் மைல். கணக்கிட்டால் 27 நாள். அந்த 27 நாளும் இரவு பகல் பாராமல் யாரேனும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். கப்பல் எதிர்ப்படலாம்; காற்று திடீரென்று மாறலாம்; பாய் கிழியலாம். இருவர் மட்டும் உள்ள படகில் மூன்று மணி நேரம் ஒருவர் காவல், மூன்று மணி நேரம் மற்றவர் உறக்கம் என்று முறை வைத்துக்கொள்வது வழக்கம்.

கணவனும் மனைவியும் எந்நேரமும் அருகருகே இருக்கும் இனிய வாழ்வு என்று கரையில் இருப்போர் எண்ணலாம். உண்மையில், நெடும்பயணத்தில் ஒருவர் எழும்போது மற்றவர் படுக்கச் செல்கிறார். காவல் மாறும் அந்தச் சில நிமிடமே உரையாடல். உறங்குபவர் தம் உயிரை விழித்திருப்பவரிடம் ஒப்படைத்தே கண் மூடுகிறார். மூன்று மணி நேரம் கழித்து அந்த ஒப்படைப்பு இடம் மாறுகிறது. ஒரு நாளில் பல முறை, ஓர் ஆண்டில் பல நூறு முறை இவ்வாறு நிகழும் நம்பிக்கைக்கு ஒப்பான ஒன்றைக் கரை வாழ்வில் காண்பது அரிது.

இதனால்தான் லின் படகில் ஒரு பயணியாக அமையவில்லை, மாலுமியாகவே ஆனார். படகு செலுத்தவும், பாய் மாற்றவும், வழிக் கணக்கிடவும் கற்றார். கணவனுக்கு மட்டும் தெரிந்த தொழிலில் மனைவி உடன்செல்பவராக மட்டும் இருந்தால், கணவன் நோயுறும் நாளில் இருவரும் அழிவர். மேலும், ஒருவரது கனவுக்கு மற்றவர் இழுத்துச் செல்லப்படும் பயணங்கள் பெரும்பாலும் முதல் சில துறைமுகங்களிலேயே முடிந்துவிடுகின்றன. இருவரும் விரும்பியதும் இருவரும் கற்றதுமே செராஃபினை நெடுங்காலம் மிதக்க வைத்தன.

கைத்தொழிலும் எழுத்தும்

பணம் எங்கிருந்து வந்தது என்பது இயல்பாக எழும் கேள்வி. துறைமுகம் தோறும் மரப்படகுகள் உண்டு. அவற்றில் பழுதும் உண்டு. லாரியின் உளியும் இழைப்புளியும் எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் நாணயமாக இருந்தன. படகு பழுதுபார்த்தல், கயிறும் பாயும் செம்மைசெய்தல், பிறர் படகை ஒரு துறைமுகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செலுத்திக் கொடுத்தல் என்று ஆண்டின் ஒரு பகுதியில் உழைத்து, எஞ்சிய காலத்தைப் பயணத்துக்கு வைத்துக்கொண்டனர். லின் எழுதத் தொடங்கினார். செராஃபின் பயணத்தைப் பற்றிய முதல் நூல் 1976இல் வெளிவந்தது. கடலில் உணவு ஏற்பாடு, மரப்படகுக் கட்டுமானம், புயலில் படகைக் காத்தல், சிக்கனப் பயணம் எனப் பல நூல்கள் தொடர்ந்தன. கணக்கு எழுதிய கை, கடலையும் எழுதியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வருவாய் குறைந்தது, ஆனால் தேவை அதைவிட மிகுதியாகக் குறைந்தது. வாடகை இல்லை, வாகனம் இல்லை, பிறர் கண்ணுக்காக வாங்கும் பொருள் இல்லை. புதிதாக ஒரு பொருளை ஏற்றினால் படகு அந்த அளவுக்குத் தாழும், வேகம் குறையும், வேறொரு பொருளை இறக்க வேண்டும். வீட்டில் தேவையற்ற பொருள் ஒரு மூலையில் கிடக்கும். அதன் சுமை தெரிவதில்லை. படகிலோ ஒவ்வொரு பொருளின் சுமையும் நீர்மட்டத்தில் தெரியும்.

கடல் எல்லார்க்கும் ஒன்றுபோல் இல்லை

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, இது எளிய வழி என்று எவரேனும் எண்ணினால் அது பிழை. இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் பெய்லி, மாரலின் பெய்லி என்னும் மற்றொரு தம்பதியரின் வரலாறு அதை உணர்த்தும். மாரிஸ் அச்சுத் தொழிலில் இருந்தவர். மாரலின் வரி அலுவலகத்தில் பணியாற்றியவர். வீட்டை விற்று, 31 அடிப் படகு ஒன்றைக் கொண்டு, இருவர் பெயரையும் இணைத்து அதற்கு ஆரலின் எனப் பெயரிட்டனர். நியூசிலாந்தில் புதுவாழ்வு காணும் எண்ணத்துடன் 1972இல் புறப்பட்டனர். வெளியுலகத் தலையீடு வேண்டாம் என்று வானொலி அனுப்புகருவியை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

1973 மார்ச் 4 அன்று, பனாமாவுக்கும் கலாபகஸ் தீவுகளுக்கும் இடையே, ஒரு திமிங்கலம் மோதிப் படகின் அடிப்பகுதி உடைந்தது. ஒரு மணி நேரத்திற்குள் படகு மூழ்கியது. காற்றடைத்த ஓர் உயிர்காப்புத் தெப்பமும், அதனுடன் கட்டிய ஒரு சிறு ரப்பர்ப் படகுமே எஞ்சின. மழைநீரைக் குடித்தும், கைக்கு எட்டியவற்றைக் கொண்டும் 117 நாள்கள் அவர்கள் உயிர் தரித்தனர். ஏழு கப்பல்கள் கண்ணெதிரே கடந்து சென்றன. ஒன்றும் அவர்களைக் காணவில்லை. மாரிஸ் பலமுறை மனம் தளர்ந்தபோது அவரைத் தாங்கியது நீச்சல் அறியாத மாரலினின் உறுதி. காகிதத்தில் சீட்டுகள் செய்து விளையாட வைத்தார். அடுத்துக் கட்டப்போகும் படகைத் திட்டமிட வைத்தார். 1973 ஜூன் 30 அன்று ஒரு தென்கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களை மீட்டது. அதன் பின்னரும் அவ்விருவர் மற்றொரு படகைக் கட்டிக் கடலுக்குத் திரும்பினர் என்பது வரலாறு.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று. வானொலி இல்லாமை விடுதலையாகத் தோன்றியது. ஆனால் உதவி வேண்டிய நாளில் அதுவே பெருங்குறையாயிற்று. எளிமைக்கும் ஓர் எல்லை உண்டு. எதை விட்டால் வாழ்வு இலகுவாகும், எதை விட்டால் உயிருக்கே கேடு வரும் என்று பிரித்தறிவதே எளிமையின் அறிவு. ஆழம் தெரியாமல் காலை விடுவது துணிவு ஆகாது.

பார்டி தம்பதியர் புயலை எதிர்கொண்ட முறையில் அந்த அறிவைக் காணலாம். பெரும்புயலில் அலைக்கு முன்னால் ஓடித் தப்ப முயல்வது பலரின் இயல்பு. வேகம் மிகுந்த படகு அலையின் சரிவில் புரண்டு கவிழும். அவர்கள் பாயை மிகச் சுருக்கி, சுக்கானைக் கட்டி, நீருக்குள் குடைபோல் விரியும் ஒரு மிதவை நங்கூரத்தை முன்புறமிருந்து இறக்கி, படகை ஏறத்தாழ நிற்கச் செய்தனர். அவ்வாறு நிற்கும் படகு பக்கவாட்டில் மெல்ல நகரும். அது விட்டுச் செல்லும் கலங்கிய நீர்ப்பரப்பு, எதிர்வரும் அலையின் முகட்டை உடைத்துத் தணிக்கும். இம்முறையை விளக்கி அவர்கள் எழுதிய நூல் 1995இல் வெளிவந்தது; உலகெங்கும் சிறுபடகு மாலுமிகள் அதைப் படித்தனர். புயலில் ஓடாமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும்.

கரைக்குத் திரும்பிய காலம்

முதல் பயணம் முடிந்தபின் அவர்கள் கலிஃபோர்னியாவில், கடலை விட்டு விலகிய புல் கேன்யன் என்னும் பள்ளத்தாக்கில், மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத ஒரு கல்வீட்டில் தங்கி, இரண்டாம் படகைக் கட்டினர். தலீசின் என்னும் அப்படகின் நீளம் 29 அடி 6 அங்குலம். 1983இல் அது நீரில் இறங்கியது. முன்னதைவிட ஐந்தடி மட்டுமே கூடுதல். 15 ஆண்டு அனுபவமும் நூல்களால் வந்த பெயரும் சேர்ந்தபின், அவர்கள் தமக்கு அனுமதித்துக்கொண்ட வளர்ச்சி அந்த ஐந்தடியே.

அப்படகில்தான் 2002இல் தென்னமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தனர். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசும். அந்தக் காற்றை எதிர்த்து, எந்திரம் இன்றி அம்முனையைக் கடந்தபோது லாரி அறுபது வயதைத் தாண்டியிருந்தார். வாழ்நாளில் இருவரும் சேர்ந்து கடந்த கடல் தொலைவு 2,00,000 மைலுக்கு மேல். புவியின் சுற்றளவை எட்டு முறைக்கு மேல் சுற்றி வந்ததற்கு அது ஒப்பாகும்.

நியூசிலாந்தின் காவாவ் தீவில் அவர்களுக்கு ஓர் இடம் அமைந்தது. முதுமையில் லாரியை நடுக்கவாத நோய் பற்றியது. உளி பிடித்த கை நடுங்கத் தொடங்கியது. கடலைத் தம் விருப்பத்தால் தேர்ந்த அவர், கரையைத் தம் விருப்பத்தால் தேரவில்லை. 2020 ஜூலையில், 80ஆம் வயதில், நியூசிலாந்தில் மறைந்தார். லின் அதன் பின்னரும் எழுதினார், கடற்பயணமும் தொடர்ந்தார்.

ஒரு கேள்விக்கு நேர்மையான விடை

பெற்றோர், பிள்ளைகள், உற்றார் என்னும் பொறுப்புகளை உடைய குடும்பத்தார் இவ்வாறு புறப்பட முடியுமா? இந்தக் கேள்வியைத் தவிர்த்துப் பேசுதல் நேர்மையாகாது. பார்டி தம்பதியர்க்குக் குழந்தைகள் இல்லை. அவர்கள் புறப்பட்டபோது இளமையும் உடல்நலமும் கைத்தொழிலும் இருந்தன. தம்மை எதிர்பார்த்திருப்போரை விட்டுச் செல்வது வேறு. தமக்கு வேண்டாத சுமையை இறக்கிவைப்பது வேறு. முன்னதற்கு இவர்கள் வாழ்க்கை சான்று ஆகாது.

ஆயினும், பின்னதற்கு இது நல்ல சான்று. பணி ஓய்வை நெருங்கும் தம்பதியர் பலர், இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று ஓய்வைத் தள்ளிப்போடுகின்றனர். ஊர்ப்பக்கம் சென்று நிலத்தைப் பார்க்க வேண்டும், பழைய சுவடிகளைப் படிக்க வேண்டும், பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று வைத்திருந்த எண்ணங்கள் அந்தக் கொஞ்சத்திற்காகக் காத்திருக்கின்றன. கொஞ்சம் என்பதற்கு அளவு குறிக்காவிட்டால் அது ஒருநாளும் சேர்ந்து முடியாது. இடையில் உடல் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். நடுங்கத் தொடங்கிய கையால் புதிதாக ஒரு படகைக் கட்ட இயலாது.

எனவே, கணவனும் மனைவியும் ஒருநாள் மாலை எதிரெதிரே அமர்ந்து, மாதம் ஒன்றுக்கு உண்மையாக எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். பிறர் பார்வைக்காகச் செய்யும் செலவைத் தனியே குறிக்கலாம். எவ்விடத்திலும் சோறு போடும் கைத்திறன் எது உண்டு, எதை இனிக் கற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். முதன்மையாக, இது ஒருவர் விருப்பமா, இருவர் விருப்பமா என்று ஒளிவின்றிப் பேசலாம். முதலில் ஒரு மாத காலம் அந்த அளவுக்குள் வாழ்ந்து பார்த்து, இயலுமாயின் அடுத்த அடியை எடுத்துவைக்கலாம். இதற்குக் கடல் வேண்டியதில்லை, படகும் வேண்டியதில்லை.

தலீசினுக்கு அவர்கள் கூட்டியது ஐந்தடி. அவ்வளவு போதும் என்று எவரும் அவர்களுக்கு வகுத்துத் தரவில்லை. அவர்களே வகுத்தனர், தாமே வகுத்ததனால் அதற்குள் மகிழ்ந்தும் வாழ்ந்தனர். ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஐந்தடி எது என்பதை அவ்வீட்டார் இருவரே அமர்ந்து முடிவு செய்ய வேண்டும்.